அடைமொழியைத் தூக்கு

"'பிடிவாதக்கார அக்கா'ன்னு எழுதியிருக்கே. 'பிடிவாதக்கார'வைத் தூக்கு," என்றார் வாத்தியார் ப்ரெபென்.

"எங்க அக்கா அப்படித்தானே இருந்தா?" என்றாள் தோவா.

"இருக்கட்டும். அடைமொழி போடறவன் சோம்பேறி. அக்கான்னா அக்கா. அவ எப்படிப்பட்டவன்னு கதை சொல்லணும்."

அவருடைய சிவப்புப் பேனாவில் இன்னும் ஏழெட்டு வார்த்தைகள் செத்தன. அந்தச் சிறுகதை வகுப்பில் மற்றவர்கள் காபிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கதைகளுக்கும் அதே கதிதான்.

தோவா அந்த டென்மார்க் துறைமுக ஊரின் நூலகத்தில் வேலை செய்பவள். செத்துப்போன அக்காவைப் பற்றி அவள் எழுதிய முதல் கதை அது. வகுப்புகள் எல்லாம் முடிந்ததும் ஒரே ஒரு கதையை நூலக விழாவில் வாசிக்க வைப்பார்கள். அது தன் அக்காவின் கதையாக இருக்க வேண்டும் என்று அவளுக்கு அவ்வளவு ஆசை. பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் வெட்டினாள். வீட்டுக்குப் போய் அழுதாள்.

அடுத்த வகுப்பில், "உன் கதைதான்," என்றார் ப்ரெபென். "இப்பத்தான் உனக்கு எழுத்து வசப்படுது. விழா போஸ்டரையும் நீயே தயார் பண்ணிடு. என்னைப் பத்தி ரெண்டு வரி அனுப்பறேன்."

அனுப்பினார்.

'புகழ்பெற்ற, விருதுகள் பல வென்ற, வாசகர் நெஞ்சங்களைக் கொள்ளைகொண்ட, ஈடு இணையற்ற சிறுகதை எழுத்தாளர் ப்ரெபென் ரவ்ன்.'

தோவா நல்ல மாணவி. அவளும் ஒரு சிவப்புப் பேனாவை எடுத்தாள்.

மறுநாள் நூலக வாசலில் போஸ்டர் தொங்கியது. 'எழுத்தாளர் ப்ரெபென் ரவ்ன் பேசுகிறார். தோவா லுண்ட் கதை வாசிக்கிறார்.'

ப்ரெபென் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"யாரைக் கேட்டு வெட்டினே? என் மானமே போச்சு. நீ கதை வாசிச்சுக் கிழிச்சது போதும், வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

தோவா போஸ்டர் பக்கம் கையைக் காட்டினாள்.

"நீங்க சொல்லிக்கொடுத்தபடிதான் செஞ்சேன். பேரே போதாதா? இந்த ஊர்ல உங்களைத் தெரியாதவங்க யாரு?"

அந்த வழியாக வந்த ஒரு பெண்மணி சைக்கிளை நிறுத்திப் போஸ்டரைப் படித்தாள்.

"தோவா, நீயா கதை வாசிக்கப்போறே? கண்டிப்பா வரேன். எங்க தெருவையே கூட்டிட்டு வரேன்."

பிறகு பக்கத்தில் நின்ற ப்ரெபெனிடம் திரும்பினாள்.

"ஆமா, யாருங்க இந்த ப்ரெபென்?"