ரிப்பன் கட்டிய லிஃப்ட்

பன்னிரண்டு கட்டில் போட்ட தகரக் கொட்டகையாக அந்த அரசு இதய மருத்துவமனை தொடங்கிய நாளிலிருந்தே ஸ்ட்ரெச்சருக்கு அங்கேதான் வேலை. இப்போது பக்கத்தில் ஆறு மாடி எழும்பிவிட்டது. இனி ஆபரேஷன் எல்லாம் அங்கேதான் என்று உத்தரவு. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு துடித்த லாரி டிரைவர் செங்கோடனைச் சுமந்தபடி, ஸ்ட்ரெச்சர் புது லிஃப்ட் முன்னால் போய் நின்றது.

“தம்பி, சீக்கிரம் கதவைத் திற” என்றது ஸ்ட்ரெச்சர்.

“ரிப்பனைப் பாக்கலியாண்ணே? அமைச்சர் வந்து வெட்டணும். அதுக்குள்ள திறந்தா என் மானம் போயிடும்” என்றது லிஃப்ட்.

“இவர் உயிர் போயிடும்டா!”

“கல்வெட்டுல அவர் பேரைப் பொறிச்சாச்சேண்ணே.”

முக்கால் மணி நேரம் கழித்து அமைச்சர் வந்தார், வெட்டினார், கைதட்டலோடு போனார். கூட்டம் பிரியாணிப் பந்தலுக்கு ஓடியதும் ஸ்ட்ரெச்சர் உள்ளே புகுந்தது. நாலாவது மாடியில் லிஃப்ட் பெருமையாகத் திறந்தது.

எதிரே ஆபரேஷன் தியேட்டர் கதவின் குறுக்கே இன்னொரு ரிப்பன்.

“நான் என்ன லிஃப்ட்டா, உள்ளூர் ஆள் வந்து வெட்ட?” என்றது கதவு. “எனக்கு டெல்லியிலிருந்து வர்றாங்க. அடுத்த மாசம்.”

செங்கோடனுக்கு மூச்சு திணறியது. ஸ்ட்ரெச்சர் சட்டென்று திரும்பியது.

“கீழே இறக்கு தம்பி. கொட்டகைக்கே போறோம். அதுக்குக் கதவே கிடையாது.”