மாப்பிள்ளையின் பெட்டி

மாப்பிள்ளை மறுபடியும் பொத்தானை அழுத்தினார். பெட்டிக்குள் விசிறி சுற்றியது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது.

"வந்துரும் மாமா."

காலையிலிருந்து வந்துகொண்டேதான் இருக்கிறது.

ஏதோ ஆபீஸில் பில் போட்டுப் போட்டுத் தேய்ந்து, போதும் என்று கழித்துக் கட்டிய கம்ப்யூட்டர். அந்தக் கிழட்டைத் தூக்கி வந்து, புது விளையாட்டெல்லாம் ஓட வைக்கிறேன் என்று வீட்டின் உயிரை வாங்கிக்கொண்டிருக்கிறார் என் மகளைக் கட்டியவர்.

முதலில் ராம் என்கிற மெமரியை மாற்றினார். அப்புறம் பழைய டிஸ்கைக் கழற்றி எறிந்துவிட்டு, சீட்டுக்கட்டு அளவில் ஒன்றைச் சொருகினார். கரண்டு கொடுக்கும் டப்பாவையும் மாற்றினார். எல்லாம் யாரோ தின்று மிச்சம் வைத்த சாமான்கள். விளையாட்டை இன்டர்நெட்டிலிருந்து இறக்கினார். அது இறங்கி முடிவதற்குள் எனக்கு ஒரு சட்டை நைந்துபோனது.

ஓடத்தான் செய்தது. நொண்டி நொண்டி ஓடியது. துப்பாக்கியை இப்போது அழுத்தினால், சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு சுட்டது.

அதற்கு வைத்தியமாகத்தான் நேற்று, படத்தை வேகமாக ஓட்டுகிற கிராபிக்ஸ் கார்டு ஒன்று வந்தது. அதுவும் எவனோ விளையாடித் தள்ளிவிட்டதுதான். செங்கல் கனம். பச்சைப் பிள்ளையை ஏந்துவதுபோல் ஏந்திக்கொண்டு வந்தார். அதை மாட்டிய நிமிஷத்திலிருந்து நொண்டியும் போய், படமே போய்விட்டது.

இது ஓடினால் அவர் விளையாடுவாராம். அதை இன்டர்நெட்டில் ஊரான் உட்கார்ந்து பார்ப்பானாம். பார்த்துவிட்டுக் காசு போடுவானாம்.

கிடங்கில் நான் மூட்டை தூக்கியதை இத்தனை வருஷத்தில் ஒருத்தன் நின்று பார்த்ததில்லை. பார்த்தவன் மேஸ்திரி மட்டும்தான். அவனும் திட்டுவதற்காகப் பார்த்தான்.

கம்பெனியை மூடிவிட்டார்கள், மாப்பிள்ளைக்கு வேலை போய்விட்டது. சரி. ஆனால் உடம்பு எங்கே போனது? கல்லுப் போல இருக்கிற உடம்பு. அதை நாற்காலியில் போட்டு வைத்திருக்கிறார், மழைக்கு நனையாமல்.

அதனால்தான் மகளிடம் சொல்லி வைத்தேன். அவளும் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் படம் வந்து விளையாட்டு ஓடினால் அவர் இஷ்டம். வராவிட்டால் பெட்டி பழைய இரும்புக் கடைக்கு, மாப்பிள்ளை நாளைக்குக் கிடங்குக்கு. மேஸ்திரியிடம் நான் பேசியும் முடித்துவிட்டேன்.

வெயில் சுவரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளை கார்டைக் கழற்றி அதன் பல்லை ரப்பர் வைத்துத் துடைத்தார். ஊதினார். குழந்தை கண்ணில் தூசி விழுந்தால் ஊதுவோமே, அந்த மாதிரி.

"இன்னும் என்ன மாப்பிள்ளை, தாலாட்டுப் பாடணுமா?"

கார்டைத் திரும்ப மாட்டினார். அழுத்தினார். கறுப்பு.

"போதுங்க," என்றாள் மகள். "அப்பா சொல்ற மாதிரி நாளைக்குக் கிளம்புங்க."

எழுந்தேன். பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு இருந்த ஒயர்களையெல்லாம் உருவினேன். விசிறி நின்றது. மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். எனக்குக் குளுகுளுவென்று இருந்தது. பொய் சொல்வானேன்.

"மாமா, ஒரே ஒரு தடவை."

என் முகத்தைப் பார்த்துக்கூடக் கேட்கவில்லை. பெட்டியைப் பார்த்துக் கேட்டார்.

"சொருகிக் குடுங்கப்பா," என்றாள் மகள். "அதையும் பாத்துட்டு ஒழியட்டும்."

மேஜைக்கும் சுவருக்கும் நடுவில் இருட்டு. தடவித் தடவிக் கரண்டு ஒயரைச் சொருகினேன். திரை ஒயருக்குக் கையில் முதலில் தட்டுப்பட்ட ஓட்டை எதுவோ, அதில் திணித்தேன். செத்துக் கிடக்கிறவன் வாயில் எந்தப் பக்கம் தண்ணீர் விட்டால் என்ன?

அழுத்தினார்.

அறையே வெளிச்சமானது. மலை, வானம், துப்பாக்கியோடு ஒருத்தன் என்று வரிசையாக வந்தது. அவன் ஓடினான். நொண்டவே இல்லை.

மாப்பிள்ளை பெட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். புதுக் கார்டை மாட்டினால் பெட்டியின் பழைய ஓட்டையில் படம் வராதாம். கார்டின் முதுகிலேயே வேறு ஓட்டை இருக்கிறதாம். இவர் காலையிலிருந்து பழக்க தோஷத்தில் பழைய ஓட்டையிலேயே குத்திக்கொண்டிருந்திருக்கிறார்.

"நீங்க சரியா கார்டுல குத்திட்டீங்க மாமா!"

கட்டிப் பிடித்து என் தோளைப் போட்டு உலுக்கினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"மூஞ்சியப் பாரு," என்று மகள் சிரித்தாள். "அப்பாவுக்கு வயித்தெரிச்சல்."

போன் அடித்தது. மேஸ்திரி. எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

"என்ன பெரியவரே, நாளைக்கு மருமகன் வர்றான்ல?"

"இல்ல. அவருக்கு வேற வேலை அமைஞ்சிருச்சு."

"அப்ப உன் எடத்துல யாரு? தூக்குனா கையே விளங்காமப் போயிரும்னு டாக்டர் சொல்லிட்டாருன்னியே. வெளியாளப் போட்டுரவா?"

உள்ளே சடசடவென்று சுட்டார்கள். மகள் கைதட்டினாள். நான் கதவை மெல்லச் சாத்தினேன்.

"டாக்டரு கிடக்கான். நானே வரேன்."