விட்டுக்கொடுக்கத் தெரியாத ஆக்ஸில்

மலைத்தோட்டத்து ஜீப்பின் பின்சக்கரங்களைச் சுழற்றும் ஆக்ஸிலுக்கு உடம்பெல்லாம் வெல்டிங் தழும்பு. பாறையிடுக்கில் சக்கரம் சிக்கினால் போதும், மடக்கென்று அதுதான் முதலில் முறியும்.

"நோஞ்சான்! உன்னால எனக்கும் சேர்த்து அவமானம்" என்று கியர்பாக்ஸ் கரித்துக்கொட்டும். ஆக்ஸில் இன்னொரு வெல்டிங்கை வாங்கிக்கொண்டு ஓடும்.

ஒருநாள் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, லாரி ஆக்ஸில் ஒன்றைப் பூட்டினார்கள். கியர்பாக்ஸுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அடுத்த மழையில் அதே இடுக்கில் சக்கரம் சிக்கியது. என்ஜின் விடாமல் முறுக்கியது. நடுவில் நெரிபட்ட கியர்பாக்ஸ், "கொஞ்சம் விட்டுக்கொடேன்!" என்று அலறியது.

"அது எனக்குத் தெரியாதே" என்றது புதுசு.

பல்லெல்லாம் உதிர்ந்த கியர்பாக்ஸைப் பழைய இரும்புக் குவியலில் எறிந்தார்கள். அங்கே கிடந்த பழைய ஆக்ஸில் மெல்லக் கேட்டது:

"ரொம்ப வலிச்சுதா?"