பின்பக்கச் சத்தம்

ஹோம் தியேட்டரின் பின்பக்க ஸ்பீக்கர் இரண்டும் வயர்லெஸ் என்று நம்பி வாங்கிவந்த தனபாலனுக்கு, பெட்டியைப் பிரித்த பிறகுதான் அவற்றுக்கும் கரண்ட் வயர் உண்டென்று தெரிந்தது. சோபாவுக்குப் பின்னால் இருந்ததோ ஒரே ஒரு பிளக் பாயிண்ட். மாசி மாதம் அப்பா போகும்வரை அவருடைய ஆக்சிஜன் மெஷின் ஓடியது அதில்தான். அதற்குப் பிறகு அம்மா அதில் செல்போனைக்கூடச் சொருகியதில்லை. அவள் பின்வாசலில் துணி காயப்போடும் நேரம் பார்த்து, மல்டிபிளக் வைத்து இரண்டு ஸ்பீக்கரையும் சொருகினான். நீல விளக்குகள் சிமிட்டி நிலைத்தன. ரிமோட்டில் சோதனைப் பொத்தானை அழுத்தினான். உஸ்ஸென்று ஓர் இரைச்சல் டிவிக்கு இடப்புறம் கிளம்பி, நடுவுக்கு வந்து, வலப்புறம் போய், சட்டென்று அவன் முதுகுக்குப் பின்னால் கேட்டது. பிடரி கூசியது. மெஷினின் அதே சத்தம், அப்பாவின் கட்டில் கிடந்த அதே இடத்திலிருந்து. திரும்பிப் பார்க்காமலே அணைத்தான்.

அம்மா ஓடிவந்தாள். கையிலிருந்த ஈரத்துணி தரையெல்லாம் சொட்டியது.

"பயப்படாதீங்ம்மா, ஸ்பீக்கர்தான். நிறுத்திட்டேன்."

அவள் ஸ்பீக்கரைப் பார்க்கவில்லை. கட்டில் இல்லாத சுவரோரத்தையே பார்த்தாள்.

"ஓடிட்டிருந்ததை ஏங் கண்ணு நிறுத்திப்போட்டே? சீக்கிரம் போடு, அப்பாவுக்கு மூச்சு வாங்குதில்ல."

அவன் பொத்தானை அழுத்தினான். இரைச்சல் மறுபடியும் இடப்புறத்திலிருந்துதான் கிளம்பியது. பின்பக்கம் வந்து சேர அது இன்னும் இரண்டு ஸ்பீக்கரைத் தாண்ட வேண்டும். அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.