பூனைக்காது

"இந்தத் தடவை பூனைக்காது தோத்தே ஆகணும். கண்ணை மூடிக்கிட்டு ஒழுங்கா ஆடுங்க," என்று சொல்லி, அவன் தலையில் ஹெட்போனை மாட்டிவிட்டாள் மனைவி.

அவன் வாஷிங் மெஷின் ரிப்பேர் பார்ப்பவன். ஞாயிற்றுக்கிழமையாவது நன்றாகத் தூங்கலாம் என்று நினைத்திருந்தான். இப்போது என்னடாவென்றால், பாழடைந்த கட்டடம் ஒன்றின் ஐந்தாவது மாடியில் கும்மிருட்டில் நின்றுகொண்டிருந்தான். திரையில் படம் கிடையாது, வெறும் கறுப்பு. இடது காதில் தண்ணீர் சொட்டியது, வலது காதில் என்னவோ உறுமியது. அம்புக்குறியைத் தட்டித் தட்டி நடந்தவன், லிஃப்ட் பள்ளத்தில் விழுந்து மறுபடியும் செத்துப்போனான்.

அவள் பல் டாக்டர் ஒருவரிடம் ரிசப்ஷனில் இருக்கிறாள். புரோகிராம் எழுதுவது பற்றி அவளுக்கு அ, ஆ கூடத் தெரியாது. தெரியவே வேண்டாம் என்று ஓர் இணையதளம் சொல்லிவிட்டது. ஒரு சத்தத்தைப் பதிவு செய்து திரையில் இருக்கும் ஒரு பெட்டிக்குள் போடவேண்டும். இடமா வலமா என்று சொல்லவேண்டும். எந்தப் பக்கம் போனால் எந்தப் பெட்டி திறக்கும் என்று கோடு இழுக்கவேண்டும். அவ்வளவுதான், காதால் மட்டுமே ஆடும் விளையாட்டு தயார். அவளுடைய மூன்றாவது விளையாட்டில் வந்த அரக்கனின் குரல், டாக்டரின் பல் குடையும் மிஷினிலிருந்து வந்தது. ஆடியவர்கள் எல்லாரும் அலறினார்கள்.

அலறாத ஒரே ஆள் பூனைக்காது. அந்தப் புனைபெயரைத் தவிர வேறொன்றும் தெரியாது. இதுவரை வந்த அத்தனை விளையாட்டையும் வெளியான அன்றைக்கே முடித்துவிட்டு, கீழே ஒரே வரி எழுதிவிட்டுப் போகிற ஆசாமி. 'சுலபம். அடுத்தது எப்போது?' அந்தச் 'சுலபம்' அவளைத் தூங்கவிடவில்லை.

"கடைசிக் கதவு எங்கதான் இருக்கு?" என்று கேட்டான் அவன்.

"எல்லாரும் சத்தம் வர்ற பக்கமாத்தான் போவாங்க. கதவு, சத்தம் நிக்கிற இடத்துல இருக்கு." அவளுக்குப் பேசும்போதே மூச்சு வாங்கியது. "தண்ணி, உறுமல், காத்து எல்லாம் ஒரு நொடி அடங்கும். அப்பக் காலை எடுத்து வைக்கணும். அந்த ஆளு இதுலதான் மாட்டப்போறாரு."

அவனுக்கே புல்லரித்துவிட்டது. தூக்கமாவது ஒன்றாவது, இன்னொரு முறை செத்துப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தான்.

அதற்குள் அவன் அப்பா கதவைத் தட்டினார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தப் பழக்கமோ என்னவோ, வீட்டிலும் ஹெட்போனைக் கழற்றமாட்டார். எந்நேரமும் செய்திதான். "இன்னும் முடியலையா? எவ்வளவு நாளைக்கு இதையே உருட்டிக்கிட்டு இருப்பீங்க?" என்று சிடுசிடுத்துவிட்டுப் போனார். தினமும் நடக்கிற கூத்துதான். மாமாவுக்கு நான் செய்வது எதுவும் பிடிக்கவில்லை என்று அவள் முகம் வாடியது.

காலை உணவுக்கு மூவரும் உட்கார்ந்தபோது அவள் திடீரென்று சொன்னாள்.

"இதையும் அந்த ஆளு இன்னைக்கே முடிச்சிட்டா, நான் இதோட நிறுத்திக்கிறேன். இனி ஒரு பெட்டியைக்கூடத் தொடமாட்டேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று அவன் சிரிக்கப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. அவனுக்குப் பகீரென்றது. கல்யாணமான நாளிலிருந்து அவள் இவ்வளவு ஆசையாக எதையும் செய்து அவன் பார்த்ததில்லை. அப்பா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோனார்.

விளையாட்டை வெளியிட்டாயிற்று. கொஞ்ச நேரத்தில் புகார்கள் வந்து குவிந்தன. ஒருவர் மூன்றாவது மாடியில் மாட்டிக்கொண்டு வழி கேட்டார். இன்னொருவர் லிஃப்டையும் அதைச் செய்தவளையும் சேர்த்துத் திட்டியிருந்தார். பூனைக்காதிடமிருந்து மட்டும் ஒரு சத்தமும் இல்லை. மத்தியானம் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இதோ வந்துவிடும், இதோ வந்துவிடும் என்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். முன்பின் தெரியாத ஓர் ஆள் எப்படியாவது தோற்கவேண்டும் என்று அவன் மனமார வேண்டிக்கொண்டான்.

விளக்கு போடும் நேரத்தில் அந்த வரி வந்தது. 'என்னால் முடியவில்லை. கதவே கிடைக்கவில்லை. தோல்வியை ஒப்புக்கொள்கிறேன். அடுத்தது எப்போது?'

அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. கட்டிலில் ஏறிக் குதித்தாள், அவனைக் கட்டிக்கொண்டாள், அதே வேகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள். அடுத்தது கப்பலில் நடக்கப்போகிறதாம். பெட்டிகளை இழுக்கவே ஆரம்பித்துவிட்டாள். அவளை அப்படிப் பார்க்க அவனுக்குத் தாங்கமுடியாத சந்தோஷம்.

இன்னும் சில மாதம் இந்தக் கூத்து நடக்கும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அப்பாவிடம் பக்குவமாகச் சொல்லிவிட வேண்டும். அவர் அறைக்கதவைத் தள்ளினான்.

கண்ணை மூடிப் படுத்திருந்தவர் திடுக்கிட்டு எழுந்தார். எழுந்த வேகத்தில் ஹெட்போன் வயர் போனிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தது. சொட்டுகிற சத்தமும் உறுமலும் அறை முழுக்கக் கேட்டன. ஒரு நொடி எல்லாம் அடங்கியது. அவர் விரல் தன்னையறியாமல் திரையைத் தட்டியது. அப்புறம் ஒரு கதவு திறந்தது. "சபாஷ், வெளியே வந்துட்டீங்க," என்றது அவன் மனைவியின் குரல்.

அப்பா அவசரமாகப் போனை அணைத்தார்.

"கதவைச் சாத்துடா," என்றார் தணிந்த குரலில். "மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடியே முடிச்சாச்சு, இது ரெண்டாந்தடவை. அதைச் சொன்னா அவ இதோட விட்டுடுவா. அப்புறம் எனக்கு அடுத்தது யாரு பண்ணிக் குடுப்பா?"