வேலிக்கு வந்தவர்

அவன் மேளத்தில் ஒரே ஒரு அடி அடித்தான்.

கேலரி அடங்கியது.

ஒரு அடி என்றால் ஒன்றாம் எண் சட்டை. கோல்கீப்பர் எட்வின்.

வடசென்னையின் இந்த அணிக்கென்று ஒரு வழக்கம். தோற்ற நாளில் மேளம் யாருடைய எண்ணை அடிக்கிறதோ, அந்த ஆள் கம்பி வேலியோரம் வந்து நிற்க வேண்டும். கேலரி கேட்பதையெல்லாம் கேட்டுக்கொள்ள வேண்டும். சட்டத்தில் எழுதியது இல்லை. ஆனால் அப்படி வந்து நின்ற எவரும் மறுபடி இந்தச் சட்டையைப் போட்டதில்லை.

மேளம் எப்போதும் அவன் கழுத்தில்தான் இருக்கும். யாரை அழைப்பது என்பதும் அவன் முடிவுதான்.

எட்வின் கோல் கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கடைசி நிமிடத்தில் வந்த பந்து. தூக்கத்தில்கூடப் பிடித்திருக்கலாம். கையில் பட்டு, காலிடுக்கில் நழுவி உள்ளே போய்விட்டது. அதோடு அணியும் இரண்டாம் பிரிவுக்கு இறங்கிவிட்டது.

மேளம் அடித்ததும் எட்வின் எழுந்தான். வேலியை நோக்கி நடக்கத் தொடங்கினான்.

அப்போதுதான் அவர் குறுக்கே வந்தார்.

முட்டைக்காரர்.

அணியின் முதலாளியைக் கேலரி அப்படித்தான் சொல்லும். நாமக்கல்லில் கோழிப்பண்ணை. கால்பந்தில் கைநாட்டு. கோல் விழுந்தால் பக்கத்து நாற்காலிக்காரர் கைதட்டுகிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் தட்டுவார். 'பந்து வேறு, முட்டை வேறு' என்று பேனர் எழுதித் தொங்கவிட்டார்கள். எழுதியது மேளம் அடித்தவன்தான்.

முட்டைக்காரர் எட்வின் தோளைத் தொட்டு ஏதோ சொன்னார். எட்வின் தயங்கினான். அவர் மறுபடி சொன்னார். எட்வின் உடைமாற்றும் அறைப் பக்கம் திரும்பிப் போனான்.

அவர் வேலியை நோக்கி வந்தார்.

காவலர்கள் ஓடிவந்தார்கள். கையைக் காட்டி அவர்களை நிறுத்தினார். மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார்.

முன்னால் இருந்த முதலாளிகள் தோற்ற அன்றே கோச்சை மாற்றிவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். வேலிக்கு ஒரு முதலாளி வந்து கேலரி பார்த்ததில்லை.

"கோச்சு வேணாம்னு சொன்னாராமே," மேலேயிருந்து ஒரு பெரியவர் கேட்டார். "அப்புறம் எதுக்குய்யா அந்தப் பையன எறக்குன? யார் பேச்சக் கேட்ட? பேரச் சொல்லு."

அவன் மேளக் குச்சியைக் கீழே இறக்கினான்.

போன வாரம் முட்டைக்காரரின் காரை மறித்தது அவன். கூட ஏழெட்டுப் பேர். நம்ம ஏரியாப் பையன் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வெளிநாட்டுக்காரன் எதற்கு, எட்வினை இறக்கு, இல்லாவிட்டால் கேலரி காலி. கார் கண்ணாடியை இறக்கி அவர் பொறுமையாகக் கேட்டார். பையன் இன்னும் தயாராகவில்லை என்று கோச் நினைப்பதாகச் சொன்னார். அவன் விடவில்லை. கடைசியில் அரைமனதாகத் தலையாட்டினார்.

அந்த ஏழெட்டுப் பேரைத் தவிர இது கேலரிக்குத் தெரியாது. தெரிந்தால் மேளம் நாளையே வேறொருவன் கழுத்துக்குப் போய்விடும். இந்த ஜனத்தின் முன்னால் பிறகு அவன் யாரும் இல்லை.

முட்டைக்காரர் வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். அவன் முகத்தில் வந்து பார்வை நின்றது.

அடையாளம் தெரிந்துவிட்டது. அவனுக்குச் சந்தேகமே இல்லை.

"யாரு பேச்சுமில்லீங்க," என்றார். "எறக்குனது நாந்தானுங்க. தப்பு என்னோடதுங்க. கேக்கறத என்னையக் கேளுங்க."

பார்வை அடுத்த வரிசைக்குப் போய்விட்டது.

கேலரி கேட்டது. கேட்கத் தகாததையெல்லாம் கேட்டது. கோழியை இழுத்தது, பண்ணையை இழுத்தது, அவருடைய அம்மாவை இழுத்தது. ஒரு தண்ணீர் பாக்கெட் பறந்துவந்து அவர் நெஞ்சில் உடைந்தது. வெள்ளைச் சட்டை ஒட்டிக்கொண்டது. கையைப் பின்னால் கட்டியபடி நின்றார். கடைக்கோடியில் ஒருவன் கத்தினால்கூட அந்தப் பக்கம் திரும்பிக் கேட்டார்.

அவனுக்கு உடம்பு சிலிர்த்தது.

தலைவன் எப்படி இருக்க வேண்டும் என்று டீக்கடையில் அவன் பேசாத பேச்சில்லை. பார்த்தது இதுதான் முதல் தடவை. ஆஃப்சைடு தெரியாத ஒரு மனிதர் இவ்வளவு பெரியவராக இருக்க முடியுமா? ஒரு விரலை நீட்டியிருந்தால் போதும். அவர் தப்பித்திருப்பார்.

மேளத்தைக் கழற்றிப் பக்கத்திலிருந்த சலீமிடம் கொடுத்தான்.

"எங்கண்ணே?"

வேலியில் கால் வைத்தான். கம்பி முழங்கையைக் கிழித்தது. அந்தப் பக்கம் குதித்தான்.

காவலர்கள் பதறினார்கள். அடிக்கத்தான் வந்திருக்கிறான் என்று கேலரியும் நினைத்தது. விசில் பறந்தது.

அவன் முட்டைக்காரரின் பக்கத்தில் போய் நின்று, கேலரியைப் பார்த்துத் திரும்பினான்.

விசில் நின்றது.

இங்கிருந்து பார்க்கக் கேலரி செங்குத்தாக இருந்தது. அத்தனையும் தெரிந்த முகங்கள். ஒன்றாவது சிரிக்காதா என்று தேடினான்.

"நீங்க மேல போயிருங்க," முட்டைக்காரர் உதடு அசையாமல் சொன்னார். "இதுக்கு ஒருத்தரு போதுமுங்க."

அவன் போகவில்லை.

கேள்வி கேட்ட பெரியவரைத் தேடிக் கண்டுபிடித்தான். தொண்டையைச் செருமிக்கொண்டான்.

பிறகு தன் பெயரைச் சொன்னான்.