கேட்காத ஜெபம்

"ஆண்டவரே, இந்த வாரமே இந்தப் பிள்ளைக்கு ஒரு இதயத்தைக் கட்டளையிடும்!"

போதகர் கையை உயர்த்தினார். கட்டிலைச் சுற்றி முழங்காலில் நின்ற சபைப் பெண்கள் ஆறு பேரும் ஒரே குரலில் "ஆமென்" என்றார்கள். கட்டிலில் கிடந்த பதினைந்து வயது மகள்கூட, ஆக்சிஜன் முகமூடிக்குள்ளிருந்து முனகலாக "ஆமென்" என்றாள்.

பெற்ற தாய் மட்டும் சொல்லவில்லை.

நாத்தனார் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தாள். தம்பி மனைவியும் முழங்காலில்தான் இருந்தாள். உதடுதான் அசையவில்லை.

எல்லோரும் போனதும் அவளை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"வாயைத் தைச்சு வச்சிருக்கியா நீ? ஒரு ஆமென் சொன்னா குறைஞ்சா போயிடுவே?"

"மெதுவா அண்ணி. உள்ள கேக்கும்."

"கேக்கட்டுமே! சபையே அவளுக்காக முட்டி தேயக் கிடக்கு. நான் மூணு நாள் உபவாசம். நீ ஒரு தடவையாவது, என் பிள்ளைக்கு இதயம் தாரும்னு கேட்டிருக்கியா? நானும் ஒரு மாசமா பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். நம்பிக்கை விட்டுப் போச்சுன்னா சொல்லிடு."

"விட்டுப் போகல அண்ணி."

"பின்ன?"

தாய் கையிலிருந்த மகளின் போர்வையை மடித்தாள். பிரித்தாள். மறுபடியும் மடித்தாள்.

மகளுக்கு வெறும் காய்ச்சல் என்றுதான் நாலு மாதம் முன்பு தொடங்கியது. காய்ச்சல் போனது, போகும்போது இதயத்தைப் பழுதாக்கிவிட்டுப் போனது. மாத்திரை, ஊசி எல்லாம் கைவிட்ட பிறகு மாற்று இதயத்துக்குப் பெயர் எழுதினார்கள். பட்டியலில் இப்போது அவள் பெயர்தான் முதலில். "இன்னும் ரெண்டு வாரம் தாங்கினா பெரிசு" என்று அன்று காலைதான் டாக்டர் சொல்லியிருந்தார்.

லாரி ஓட்டும் அப்பா வார்டுக்குள் வருவதே இல்லை. கதவுக் கண்ணாடி வழியாக ஒரு தரம் பார்ப்பார், தலையைத் தொங்கப்போட்டபடி படியிறங்கிவிடுவார். அம்மாவுக்கு அதற்கும் வழியில்லை. சட்டைக் கம்பெனியில் காலர் தைக்கும் வேலையை விட்டுவிட்டு, கட்டிலோரத்து ஸ்டூலே கதி என்று கிடந்தாள்.

மறுநாள் தலை வாரிவிடும்போது மகள் கேட்டாள். "அம்மா, அத்தை திட்டினது கேட்டுச்சு."

"அவங்க கெடக்காங்க."

"நீ எனக்காக ஜெபம் பண்றதே இல்லையா?"

சீப்பு நின்றது.

"பண்றேனே கண்ணு."

"இதயம் கிடைக்கணும்னா?"

"உன்னை அவர் கையில குடுத்துட்டேன்னு சொல்றேன். மத்தது அவருக்குத் தெரியும்."

"அவருக்குத் தெரியும்தான். இருந்தாலும் நீ ஒரு வார்த்தை கேட்டா நல்லா இருக்கும்ல?" மகள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "எனக்குப் பயமா இருக்கும்மா."

அம்மா குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். ஈரத் தரையிலேயே முழங்காலிட்டாள்.

"ஆண்டவரே, என் பிள்ளைக்கு ஒரு..."

அதற்கு மேல் நாக்கு எழவில்லை. வாளி நிரம்பி வழிந்து புடவையை நனைத்தது. "உமக்குத் தெரியும்... உமக்குத் தெரியும்..." என்பதைத் தவிர வேறெதுவும் வரவில்லை.

அடுத்த வாரம் மகளின் நகமெல்லாம் நீலம் பாரித்தது. டாக்டர் நாள் கணக்குச் சொல்வதை நிறுத்திவிட்டார். சபைப் பெண்கள் ஆறு பேர் மூன்றாகி, பிறகு நாத்தனார் மட்டும் வந்தாள். மகள் பேசுவதையும் குறைத்துக்கொண்டாள். அம்மா கையை மட்டும் விடவில்லை.

ஒரு நாள் காலை பத்து மணிக்கு நர்ஸ் ஓடி வந்தாள்.

"கிடைச்சிடுச்சும்மா! இன்னும் ஒரு மணி நேரத்துல இதயம் இங்க வந்துடும். சீக்கிரம் கையெழுத்துப் போடுங்க!"

கட்டில் சக்கரங்கள் உருண்டன. "ஸ்தோத்திரம்! ஸ்தோத்திரம்!" என்று கத்திக்கொண்டே நாத்தனார் பின்னால் ஓடினாள்.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் அம்மா நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சிஸ்டர்... யார் வீட்டுப் பிள்ளை?"

"அதெல்லாம் சொல்லக் கூடாதும்மா."

"பேரு வேணாம். அம்மா இருக்காங்களா?"

நர்ஸ் தயங்கினாள். ஆமென்று தலையை மட்டும் அசைத்துவிட்டு உள்ளே போனாள். கதவு மூடிக்கொண்டது.

அவ்வளவுதான். அம்மா வராந்தாவில் அப்படியே சரிந்தாள். நெற்றி தரையில் இடிக்க, இத்தனை நாள் அடக்கி வைத்ததெல்லாம் ஓலமாக வெடித்தது.

நாத்தனார் குனிந்து அவள் தோளைத் தட்டினாள். "இப்பவாவது வாயைத் திறந்தியே! பாத்தியா, நீ கேக்காட்டியும் எங்க ஜெபத்தைக் கேட்டுட்டார். நன்றி சொல்லு. வாய் நிறையச் சொல்லு."

அவள் நிமிர்ந்தாள். முகம் வெளிறிக் கிடந்தது.

"நான் என்னன்னு அண்ணி கேட்டிருப்பேன்? என் பிள்ளைக்கு இதயம் கிடைக்கணும்னா, இன்னொருத்தி பெத்த பிள்ளை சாகணுமே. அதை எப்படி வாய்விட்டுக் கேப்பேன்?"

நாத்தனாரின் கை தோளிலேயே நின்றுவிட்டது.

"இந்நேரம் ஏதோ ஒரு ஆஸ்பத்திரி வராந்தாவுல ஒருத்தி இப்படித்தான் விழுந்து கெடப்பா. அவளைத் தாங்கும் ஆண்டவரேன்னுதான் கத்துறேன். அவளும் இதே ஆண்டவர்கிட்டதானே அண்ணி தன் பிள்ளையைக் கேட்டிருப்பா?"